அம்மா சொன்ன வயது

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று பிரேயரில் எங்களை உயரப்படி நிற்க வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வரிசையில் நான்தான் முதல் ஆள், அதாவது எல்லோரிலும் குட்டை. பின்னால் நின்ற சுபாங்கி, "மதி, உன் தலைக்கு மேல எனக்குக் கொடிக்கம்பம் அடி வரைக்கும் தெரியுதுடி" என்று சிரித்தாள்.

மூன்றாம் வகுப்பில் நான் கடைசி ஆளாக நின்றேன். கரும்பலகையின் மேல் மூலையில் இருக்கும் தேதியை அழிக்க விமலா டீச்சர் என்னைத்தான் கூப்பிடுவார். "ஒட்டகச்சிவிங்கி, வா" என்பார். அந்தப் பெயர் எனக்கு அப்போது பிடிக்காது. இப்போது யாராவது கூப்பிட்டால் தேவலை போல இருக்கிறது. இதை நான் சுபாங்கியிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டாள்.

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு ஆறாம் மாதம். பதினான்கு வருடம் கழித்து எனக்குத் தம்பியோ தங்கையோ வரப்போகிறது.

ஜூன் 15, ஞாயிறு

குழந்தை உண்டானதிலிருந்து அம்மா பிரிண்டிங் பட்டறைக்குப் போவதில்லை. தைத்து முடித்த குழந்தை பனியன்களை மூட்டையாக வாங்கி வந்து வீட்டில் உட்கார்ந்து பிசிறு நூல் வெட்டுகிறாள். திருப்பூரில் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு இதுதான் வேலை. இன்று நானும் கூட உட்கார்ந்து வெட்டினேன். எல்லாமே மஞ்சள் பனியன், நெஞ்சில் சிவப்பு யானை. யானையின் மேல் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். மையின் வாசனை அப்படியே இருந்தது. உடனே எனக்குப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். நீள மேசையில் பனியன் துணிகளை ஒட்டி வைத்திருப்பார்கள். அம்மா ஒரு பக்கம், இன்னொரு அக்கா எதிர்ப்பக்கம். ஃப்ரேமை வைத்து, மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு. தூக்கினால் யானை இருக்கும். மேசைக்கு அடியில்தான் என் வீடு. மேலே எஃப்.எம். பாடும், அம்மாவும் கூடவே பாடுவாள். சூடு மெஷினில் மை வெந்து ரப்பர் மாதிரி ஆகிவிடும். பெல்ட்டில் தப்பாக விழுந்த சொட்டுகளை உரித்து என்னிடம் கொடுப்பார்கள். அதில் நான் பந்து செய்தேன், தோடு செய்தேன், ஒருமுறை கடித்தும் பார்த்தேன். ருசியே இல்லை.

"நீ வயித்துல இருக்கறப்பவும் அந்த மேசைலதான் நின்னேன்" என்று அம்மா இன்று சொன்னாள். "ஒம்பதாம் மாசம் வரைக்கும். நல்ல பாட்டு வந்தா உதைப்பே. 'ஏ சாந்தாமணி, உன்ற புள்ள டேன்ஸ் ஆடுது'ம்பாங்க."

சொல்லும்போது அம்மா சிரித்தாள். பிறகு அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.

ஜூலை 5, சனி

பள்ளி விடுமுறை என்பதால் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் ரெஹானா என்று ஒருவர் வந்திருந்தார். அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். பிரிண்டிங், சாயம் வேலைகளில் இருந்த கர்ப்பிணிகளைப் பார்த்துப் பேசுகிறார். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்ததால் எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உடம்பில் ஹார்மோன்கள் என்று இருக்கின்றன. எப்போது வளரவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்று உடம்புக்குச் சொல்பவை அவைதான். பிளாஸ்டிக்கை வளைய வைக்கக் கலக்கும் சில பொருள்களும், சில மைகளில் இருப்பவையும் உடம்புக்குள் போய் அந்தப் பேச்சுக்கு நடுவில் புகுந்துவிடுமாம். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் அவை எட்டுமாம். குழந்தையின் மரபணு மாறாது. ஆனால் அதன் மேல் சின்னச் சின்னக் குறிகள் ஒட்டுமாம். எந்த இடத்தைப் படிக்கவேண்டும், எதை விடவேண்டும் என்று சொல்லும் குறிகள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்திலேயே அவற்றைப் பார்க்கலாம். அதற்காகத்தான் பிரசவத்தின்போது அந்த ரத்தம் கொஞ்சம் கேட்கிறார்கள். கொடியை வெட்டிய பிறகு எடுப்பது, குழந்தைக்கு வலிக்காது.

அம்மா தலையாட்டினாள். டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வருடம் மையில் வேலை, கையுறை போட்டதுண்டா, வீடு எவ்வளவு தூரம். கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மூத்தவ எப்பம்மா வயசுக்கு வந்தா?" என்று கேட்டார்.

"ஏழாவது படிக்கறப்பங்க. பன்னெண்டரை வயசு. மண்டபம் புடிச்சு சீரெல்லாம் செஞ்சோமுங்க" என்றாள் அம்மா.

டாக்டர் எழுதிக்கொண்டார்.

வரும் வழியில் கரும்பு ஜூஸ் குடித்தோம். கணக்கு வீட்டுப்பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஜூலை 7, திங்கள்

என் அறிவியல் புத்தகம் பழையது. போன வருடம் படித்த ஓர் அக்காவிடம் வாங்கியது. அவள் பாதி வரிகளுக்குப் பக்கத்தில் 'முக்கியம்' என்று எழுதி நட்சத்திரம் போட்டிருக்கிறாள். சில பாடங்களுக்குக் குறுக்கே பெரிய பெருக்கல் குறி. நானும் அதை நம்பி ஒரு பாடத்தை விட்டுவிட்டேன். இன்று தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி அந்தப் பாடத்திலிருந்தே வந்தது. என்னைப் போலவே பழைய புத்தகம் வைத்திருக்கும் மூன்று பேர் சேர்ந்து முட்டை வாங்கினோம்.

டாக்டர் சொன்ன குறிகள் இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. பாடம் அப்படியேதான் இருக்கிறது. யாரோ முன்னால் போட்ட குறியைப் பார்த்து நாம் படிக்கிறோம், விடுகிறோம்.

எனக்கு யார் எங்கே நட்சத்திரம் போட்டிருப்பார்கள்?

ஜூலை 13, ஞாயிறு

இன்று வீட்டில் சண்டை, என்னால்தான். அம்சவேணி அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அம்மாவுக்கு வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று மெஸ்ஸிலிருந்து சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் வாங்கி வந்தார். எல்லாம் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில், ரப்பர் பேண்டு போட்டு. நான் வாசலிலேயே மறித்து, "அத்தை, சூடா இருக்கறதை இதுல வாங்கக்கூடாது" என்றேன்.

"ஏன், கவரு வெடிச்சுருமா?"

"இல்லைங்கத்தை. அதுல இருக்கறது சாம்பார்ல எறங்கும். அப்புறம் பாப்பாவுக்குப் போகும்."

"மயில்சாமீ! உன்ற மக என்னைய உள்ளயே விடமாட்டேங்கறா. நானென்ன வெசம் வெச்சா கொண்டாந்துருக்கேன்?"

அப்பா கட்டிங் மாஸ்டர். ஞாயிறு மதியம் தூங்கத்தான் அவருக்கு நேரம். கட்டிலில் படுத்தபடியே, "அம்மிணி, அத்தைய விடு. நீ டாக்டரானதுக்கப்புறம் எல்லாரையும் வெளிய நிறுத்திக்கலாம்" என்றார்.

அத்தை சாம்பாரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கடகடவென்று தானே குடித்துக் காட்டினார். "பாத்துக்கோ, நின்னுட்டுத்தான் இருக்கேன்." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மா அதைத் தொடவில்லை. அத்தை போன பிறகு, யானை பனியன் மூட்டைகளை எல்லாம் வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டாள். நான் தூக்குகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

அம்மா தினமும் மாரியம்மனிடம் பையன் வேண்டும் என்று கேட்கிறாள். அத்தைக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். "பின்ன, ஆசைக்கொண்ணு ஆஸ்திக்கொண்ணு வேணுமில்ல" என்கிறார். அம்மா மறுத்துப் பேசுவதில்லை.

அம்மா அதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சோறு. வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். நான் மறுபடியும் முதல் ஆளாக நின்றேன்.

இன்றைக்கு உண்மையை எழுதிவிடப் போகிறேன். இந்த நோட்டை வீட்டில் யாரும் படிப்பதில்லை. படித்தாலும் பரவாயில்லை.

நான் வயதுக்கு வந்தது ஏழாம் வகுப்பில் இல்லை. மூன்றாம் வகுப்பில். எனக்கு எட்டு வயது. அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வெளியே தெரிந்தால், "எட்டு வயசுலயா, என்ன கோளாறோ" என்பார்கள், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் வயதைக் கணக்குப் போடுவார்கள் என்று அம்மா பயந்தாள். அதனால் நாலு வருடம் மறைத்தாள். ஒவ்வொரு மாதமும் எனக்குக் காய்ச்சல், இல்லை வயிற்றுப்போக்கு. விமலா டீச்சர் ஒருமுறை, "என்ன ஒட்டகச்சிவிங்கி, மாசாமாசம் லீவு போடறே?" என்று கேட்டார். நாலாம் வகுப்பில் வளர்வதும் நின்றுவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள்.

பிறகு ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை லீவில், இப்போதுதான் ஆனதுபோல அம்மா எல்லோருக்கும் சொன்னாள். மாமா ஊரிலிருந்து பச்சை ஓலை கொண்டு வந்து குடிசை கட்டினார். அத்தை ஆரத்தி சுற்றினார். என் படம் போட்டுப் பெரிய பேனர் வைத்தார்கள். பட்டுப்புடவையில் நான் அழகாக இருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, "பயமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டார்கள். "கொஞ்சம்" என்றேன். எனக்கு அப்போது நாலு வருடப் பழக்கம்.

இன்று மதியம் அம்மாவிடம் கேட்டேன். "டாக்டர்கிட்ட ஏம்மா பன்னெண்டரைன்னு சொன்னே?"

"மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தப்பக்கம் ஆளிருக்குது."

"அவங்க கணக்குத் தப்பாயிரும்மா. நெறையப் பேரு உண்மையச் சொன்னாத்தான் அவங்களுக்கு எதாச்சும் தெரியும்."

"தெரிஞ்சு?" அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சு என்ன கண்ணு சொல்லுவாங்க? நானே எம்புள்ளைக்கு மையக் குடிக்கக் குடுத்தேன்னு சொல்லுவாங்க. அதைக் கேக்கறதுக்கா நான் வாயத் தொறக்கணும்?"

அம்மா மறுபடியும் கத்தரியை எடுத்தாள். மூன்று பனியன்களில் நூலுக்குப் பதில் துணியை வெட்டிவிட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

தங்கை பிறந்துவிட்டாள்! காலை பதினொரு மணிக்கு. அப்பா பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார். தலை நிறைய முடி. கோபமான முகம்.

அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். அத்தை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சமாதானம் சொல்கிறார். "அட, பொண்ணாப் போனா என்ன இப்ப? மகாலட்சுமி வந்துருக்கா. இதுக்குப்போய் பச்சை உடம்புக்காரி இப்படி அழுவாங்களா? என்ற தம்பி எதாச்சும் சொன்னானா?"

அப்பா பாவம், "நான் ஒண்ணுமே சொல்லலைக்கா, எனக்குப் பொம்பளப் புள்ளைங்கதான் புடிக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, வார்டு முழுவதும் மைசூர்பாகு கொடுத்தார்.

அம்மா குழந்தையின் முகத்தைப் பார்க்கவேயில்லை. அதன் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 6, சனி

டாக்டர் ரெஹானா வார்டுக்கு வந்தார். கொடி ரத்தம் எடுத்தாகிவிட்டது, ரொம்ப நன்றி என்று சொல்லத்தான் வந்தார். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, நல்ல எடை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அடுத்த கட்டிலைத் தாண்டியும் போய்விட்டார்.

"டாக்டரம்மா" என்று அம்மா கூப்பிட்டாள்.

அவர் திரும்பி வந்தார். அத்தை அப்போதுதான் ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கி வந்து நின்றார். அத்தை இருப்பதை அம்மா பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"பெரியவ ஏழாவதுல இல்லைங்க. மூணாவதுல. எட்டு வயசு. நான் பொய் சொல்லிட்டனுங்க."

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் என்ற வயித்துலதான இருந்தாங்க? அப்ப இவளுக்கும் அப்படித்தான் ஆகுங்களா? அதை மட்டும் சொல்லுங்க. வேற எது வேணும்னாலும் எழுதிக்கோங்க."

"தெரியாதும்மா" என்றார் டாக்டர். "தெரிஞ்ச மாதிரி உங்ககிட்ட நான் பேசக்கூடாது. சீக்கிரம் வயசுக்கு வர்றதுக்குப் பல காரணம் இருக்கலாம். ஒரு குழந்தைய மட்டும் பாத்து, இந்த மையாலதான்னு யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேரைச் சேத்துப் பாத்தாத்தான் எதாவது புரியும். இவளுக்கும் அப்படியே ஆகணும்னு இல்ல. இந்தத் தடவை நீங்க மேசையில நிக்கவும் இல்லையே. இவ வளர்றதை நாங்களும் கூட இருந்து பாக்கறோம். எதாவது சீக்கிரமாத் தெரிஞ்சா வைத்தியம் இருக்கு. பெரியவளுக்கும் அப்பவே காட்டியிருக்கலாம். நீங்க பயந்துட்டீங்க."

"ஆமாங்க" என்றாள் அம்மா.

அத்தை ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "அப்ப நான் சுத்துன ஆரத்தி?"



அப்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அக்கா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவரும் பிரிண்டிங்தான், வேறு பட்டறை.

"டாக்டரம்மா, என்ற பெரியவளுக்கும் கொஞ்சம் மாத்தி எழுதிக்கோங்க. நானும் பன்னெண்டரைன்னுதான் சொல்லியிருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். "ரெண்டு வருஷமா இந்த ஊர்ல யாரைக் கேட்டாலும் பன்னெண்டரைன்னுதான் சொல்றாங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

அம்மா குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதல்முறையாக அதன் முகத்தைப் பார்த்தாள்.

செப்டம்பர் 10, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். நாலு நாளாக அத்தை அம்மாவோடு பேசவில்லை. ஆனால் தினமும் வந்து குழந்தையைக் குளிப்பாட்டினார். இன்று காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். "என்ற தம்பிகிட்ட நானே பக்குவமாச் சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் சொல்லலை. வெளிய போயி நின்னு மூக்கச் சிந்திட்டு வந்தான்."

சாயந்திரம் அப்பா எனக்கு ஒரு புத்தகம் வாங்கி வந்தார். அறிவியல் புத்தகம், புத்தம் புதியது. ஏன் என்று சொல்லவில்லை. என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20, சனி

டாக்டர் ரெஹானா வீட்டுக்கு வந்தார். இந்தமுறை கேள்வி எனக்கு. இஷ்டம் இருந்தால் மட்டும் சொன்னால் போதும் என்றார். நான் வயதுக்கு வந்த அன்றைக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா?

நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எல்லாமே ஞாபகம் இருந்தது. சொல்ல ஆரம்பித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அது ஒரு மழைக்கால மதியம். மழை விட்டிருந்தது. பட்டறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் செங்கல் துண்டால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தோம். உள்ளே எஃப்.எம். பாடியது. வறுகடலைக்காரர் வந்து போயிருந்தார், எல்லோர் கையிலும் கடலை. நான்தான் எல்லோரிலும் உயரம், அதனால் எனக்கு ஒரே தாவலில் இரண்டு கட்டம் போகும். எல்லாக் கட்டத்தையும் ஜெயித்து, ஆட்டத்தை முடிக்கும் 'பழம்' மட்டும்தான் பாக்கி. சில்லை எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் நின்றேன். அப்போது ஒரு பெண், "மதி, பாவாடைல செவப்பு மை" என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். மை என்றுதான் நினைத்தேன். அன்றைக்குச் சிவப்பு யானைதான் ஓடிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் உட்கார்ந்தபோது பட்டிருக்கும், புதுப் பாவாடை, அம்மா திட்டுவாளே என்று உள்ளே ஓடினேன். "அம்மா, மை ஒட்டிக்கிச்சு. தொடைச்சு விடு."

அம்மா திட்டவில்லை. ரப்பர் பட்டையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவள் கை முழுக்க நிஜமாகவே சிவப்பு மை. என் சட்டையெல்லாம் அது ஒட்டிக்கொண்டது, பார்த்தவர்கள் எல்லாமே மை என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"சரி, நான் போகட்டா? என் ஆட்டம் இருக்குது."

"இனிமேல் போகக்கூடாது" என்றாள் அம்மா.

இவ்வளவுதான் நான் சொன்னேன். டாக்டர் வயது, மாதம், வகுப்பு எல்லாம் எழுதிக்கொண்டார். அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"மை என்ன செஞ்சுதோ, செய்யலையோ, அது எனக்குத் தெரியாதுங்க டாக்டரம்மா. அதை நீங்க பாத்துச் சொல்லுங்க. ஆனா அந்த ஒரு ஆட்டத்த முடிச்சுட்டு வா கண்ணுன்னு நான் இவளை அனுப்பியிருக்கலாம். அது எங்கையிலதான இருந்துச்சு."

டாக்டர் இதை எழுதிக்கொள்ளவில்லை. அவருடைய கேள்விகளில் இதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. அதனால் நான் இங்கே எழுதிவைக்கிறேன்.